கதவைத் தாழ் போட்டோம்... காதைத் திறந்தோமா?

கடல் கொஞ்சம் முறைத்துக்கொண்டால் போதும், எங்கள் கோவளத்தில் தெருவே வீட்டுக்குள் வந்துவிடும். போட்டுகளை மேட்டில் ஏற்றிவிட்டு ஆம்பிளைகள் எல்லாம் வீட்டோடு இருப்பார்கள். பகலில் வலை வேலை. ராத்திரியானால்? வேறென்ன, டி.வி.தான்!

2025 மழைக்காலத்தில் அப்படி ஒரு ராத்திரி. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார்களே என்று நானும் போய் உட்கார்ந்தேன். அக்கா, அவர் வீட்டுக்காரர், காலேஜ் படிக்கிற தம்பி, மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டு ஆயா. அதே அறையில் பாயில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அது தூங்கிடுச்சு, நீ உக்காரு" என்றார் அக்கா. டி.வி.யில் 'சுழல்'.

பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். புஷ்கர் - காயத்ரி எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய தொடர். 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வந்தது. மொத்தம் எட்டு பாகம். சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நேரம். சிமெண்ட் ஃபாக்டரி தீப்பிடிக்கிறது. அதே சமயத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் காணாமல் போகிறாள். தேடுகிற சப் இன்ஸ்பெக்டர் கதிர். அந்தப் பெண்ணின் அக்கா ஐஸ்வர்யா ராஜேஷ், அப்பா பார்த்திபன். ஊரே ஒவ்வொருத்தர் மேலாகச் சந்தேகப்படுகிறது. கடைசியில் பார்த்தால் ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை. வீட்டுக்கு உள்ளேயே, குடும்பம் நம்பிய ஒருவரிடமே இருந்திருக்கிறது. முடிச்சை அவிழ்த்துவிட்டேன், பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது!

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா?

"சீ... இதெல்லாம் டி.வி.ல காட்டணுமா? குடும்பமா உக்காந்து பாக்கற மாதிரியா இருக்கு?" - இது அக்கா.

"ஸ்டேஷன்ல வெச்சு நாலு சாத்து சாத்தினா எல்லாம் வெளிய வந்துடும். சும்மா பேசிக்கினு இருக்கானுங்க!" - இது அண்ணன்.

"செம மேக்கிங்!" - இது தம்பி.

ஆயா மட்டும் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார். "சங்கர் காலத்துலயும் இப்பிடித்தான். பொழுது சாஞ்சா வெளிய தலை காட்ட மாட்டோம்" என்றார்.

எந்தச் சங்கர் என்று தம்பிக்குப் புரியவில்லை. ஆட்டோ சங்கர்தான்! இங்கிருந்து வடக்கே 25 கிலோமீட்டர் சொச்சம் போனால் திருவான்மியூர். அங்கேதான் அவனும் அவன் கூட்டமும் ஆறு பேரைக் கொன்றார்கள். 1988-ல் பிடிபட்டான். நம் செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்தான் 1991-ல் தூக்குத் தண்டனை கொடுத்தது. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தண்டனை நிறைவேறியது. அவன் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடுவது சம்பந்தமான வழக்கு 1994-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2019-ல் அவன் கதையே ஜீ5-ல் வெப் சீரிஸாக வந்துவிட்டது.

அதனால் 'இந்தக் காலத்தில்தான் ஜனங்கள் குற்றக் கதை பார்க்கிறார்கள்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்றைக்குப் பத்திரிகையில் படித்தோம், இன்றைக்கு டி.வி.யில் பார்க்கிறோம். அவ்வளவுதான்.

அப்படியானால் எது கெடுதல்?

பார்க்கலாமா, கூடாதா என்று பட்டிமன்றம் வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. பார்த்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

முதலில் உடம்பு விஷயம். திரையில் ஓடுவது நடிப்பு என்று நம் மூளைக்குத் தெரியும். ஆனாலும் இருட்டில் ஒருவன் பின்னால் வந்தால் நம் நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. ஆபத்துக்கு ஓடவும் எதிர்க்கவும் சுரக்கிற அட்ரினலின் செய்கிற வேலை இது. சிரிப்புப் படம் பார்த்துவிட்டுத் தூங்குவது போல இதைப் பார்த்த உடனே தூங்க முடியாது. அதிலும் 'அடுத்தது என்ன, அடுத்தது என்ன' என்று விடிய விடிய எட்டு பாகத்தையும் பார்த்தால் மறுநாள் தலைவலி, எரிச்சல், பிள்ளைகள் மேல் கத்தல்! ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தூக்கம் கெடுவது இன்னும் ஆகாது. ஒரு நாளைக்கு ஒரு பாகம், அதுவும் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். கதை எங்கேயும் ஓடிவிடாது.

அடுத்தது மனசு. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கெர்ப்னர் என்று ஒரு பேராசிரியர். டி.வி. பார்க்கிறவர்களைப் பற்றிப் பல வருஷம் ஆராய்ந்தார். நிறைய டி.வி. பார்க்கிறவர்கள் உலகம் நிஜத்தில் இருப்பதைவிட மோசமானது, ஆபத்தானது என்று நினைக்கிறார்கள், அடுத்தவரை நம்பத் தயங்குகிறார்கள் என்று 1970-களிலேயே சொன்னார்.

ஆயா தாழ் போட்டது இதனால்தான். ஆயாவை நான் குறை சொல்லவில்லை. கதவைத் தாழ் போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தக் கதை சொன்னது என்ன? ஆபத்து தாழுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது என்று சொன்னது. நாம் செய்தது என்ன? தாழைச் சரிபார்த்துவிட்டுத் தூங்கப் போனோம்!

குழந்தை கேட்ட கேள்வி

மறுநாள் காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது வயசு வந்து நின்றது. யூனிஃபார்ம், ரெட்டை ஜடை. மெதுவாகக் கேட்டாள்:

"அத்தை, அந்தப் பொண்ணு ஏன் அவங்க அம்மாகிட்ட சொல்லல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூங்கவே இல்லை அவள்! சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அது கதைடா கண்ணு. ஸ்கூலுக்கு டைமாச்சு, ஓடு" என்றேன்.

ராத்திரி நாங்கள் நாலு பேர் ஆளுக்கு ஒன்று பேசினோம். மேக்கிங் பற்றி, போலீஸ் அடி பற்றி, எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பது பற்றி. கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டது அந்தக் குழந்தை. அதையும் நான் வாயை அடைத்து அனுப்பிவிட்டேன். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

இது கதைதானா? மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் கேட்டார்கள். ஏதோ ஒரு விதமான பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் பாதிக்கும் மேல்! தொல்லை கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை.

ஏன் சொல்லவில்லை? 'சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க', 'என்னைத்தான் திட்டுவாங்க', 'வீட்ல சண்டை வரும்'. இந்தப் பயத்தை எல்லாம் குழந்தைகள் எங்கிருந்து கற்றுக்கொள்கிறார்கள்? நம்மிடமிருந்துதான். "சீ, இதெல்லாம் பேசற பேச்சா?" என்று நாம் டி.வி.யைப் பார்த்துச் சொன்னாலும், பாயில் படுத்திருக்கிற குழந்தை தன்னைப் பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். 'நாலு சாத்து சாத்தினா' என்று அப்பா கொதித்தாலும் ஆபத்துதான். 'நான் சொன்னா அப்பா யாரையாவது அடிச்சுடுவாரு, ஜெயிலுக்குப் போயிடுவாரு' என்று அது பயப்படும். நம் கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அது குழந்தையின் வாயைக் கட்டிவிடக் கூடாது.

'காட்டக் கூடாது' என்கிறவர்களுக்கு...

அக்கா சொன்னதில் பாதி சரி. ஒன்பது வயதுக் குழந்தை இருக்கிற அறையில் அதைப் போட்டதே முதல் தப்பு. அந்தத் தப்பு எடுத்தவர்களுடையதல்ல, எங்களுடையது. 2021-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு தொடருக்கும் 7 வயது, 13 வயது, 16 வயது, பெரியவர்களுக்கு மட்டும் என்று வகை போட்டிருக்க வேண்டும். 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான நிகழ்ச்சிகளைப் பூட்டி வைக்கவும் வசதி கொடுக்க வேண்டும். அந்தப் பூட்டை எத்தனை வீட்டில் போட்டிருக்கிறோம்? சின்னக் குழந்தைக்கு எது நிஜம், எது நடிப்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர், தனியாகப் படுக்கப் பயம் எல்லாம் வரும். 'தூங்கிடுச்சு' என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

ஆனால் பெரியவர்களுக்கும் காட்டவே கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2025 பிப்ரவரியில் 'சுழல்' இரண்டாம் பாகம் வந்தது. அந்தக் கதை கடற்கரை ஊரில் நடக்கிறது. "ஐயோ, நம்ம ஊரு மாதிரியே இருக்குதே!" என்று எங்கள் தெருவில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். ஊரைப் பார்த்து நம்ம ஊர் மாதிரி என்று சொல்ல வாய் வருகிறது. வீட்டைப் பார்த்து நம்ம வீடு மாதிரி என்று சொல்ல மட்டும் வாய் வருவதில்லை.

இன்னொன்று. இப்படிப்பட்ட காட்சி ஓடும்போது யாராவது சட்டென்று எழுந்து போகிறார்களா? கண் கலங்கி, முகம் வெளுத்து, இரண்டு நாள் பேச்சில்லாமல் இருக்கிறார்களா? "என்னடி, சினிமாவுக்கெல்லாம் அழறே?" என்று கிண்டல் செய்யாதீர்கள். துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். பழைய காயம் ஏதாவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். "உனக்கு எப்பப் பேசணும்னு தோணுதோ, என்கிட்ட பேசு" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே காத்திருங்கள். மனசு ரொம்பத் தொந்தரவு செய்தால் 'டெலி மானஸ்' 14416-க்குப் போன் செய்யலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு?

அன்று சாயங்காலம் அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முதலில் கோபம்தான் வந்தது. "படுத்துக்கினு கேட்டுக்கினா இருந்துச்சு? வரட்டும்!" என்றார். "திட்டாதக்கா. திட்டினா இனிமே எதையுமே சொல்லாது" என்றேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தலையாட்டினார்.

ராத்திரி தலைவாரிக்கொண்டே கேட்டாராம்: "உனக்குப் பிடிக்காத மாதிரி யாராச்சும் தொட்டா, யாரா இருந்தாலும், அம்மாகிட்ட சொல்லு. அம்மா உன்னைத் திட்ட மாட்டேன். நீ சொல்றத நம்புவேன்." அவ்வளவுதான், மூணு வாக்கியம்.

குழந்தை யோசித்துவிட்டு, "கடைல முட்டாய் வாங்கப் போனா அந்தத் தாத்தா கன்னத்தைக் கிள்ளிக்கினே இருக்கார்மா. விட மாட்டேன்றாரு. எனக்குப் பிடிக்கல" என்று சொன்னாளாம்.

பெரிய விஷயமில்லை என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். அந்தப் பெரியவர் பாசத்தில்கூடக் கிள்ளியிருக்கலாம். ஆனால் 'பிடிக்கல' என்று ஒரு குழந்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது எவ்வளவு பெரிய விஷயம்! அக்கா கடைக்குப் போய், "பொண்ணுக்குப் பிடிக்கலையாம், இனிமே கிள்ளாதீங்க பெரியவரே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். சண்டையில்லை, சத்தமில்லை. அம்மா சொன்னபடி செய்தாள் என்பது குழந்தைக்குத் தெரிந்துவிட்டது.

நிஜமாகவே பெரிதாக ஏதாவது தெரிய வந்தால் மூடி மறைக்காதீர்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்தவர்கள் புகார் சொல்லியே ஆக வேண்டும். குழந்தையின் பெயர், ஊர், அடையாளம் எதையும் பத்திரிகையோ டி.வி.யோ வெளியிடக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. 'ஊர் சிரிக்கும்' என்ற பயம் வேண்டாம். 1098 - குழந்தைகளுக்கான இலவச உதவி எண். ராத்திரி, பகல் எப்போதும் கூப்பிடலாம். ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். குழந்தைக்கும் மனப்பாடம் செய்து வையுங்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு தொடர் பார்த்து முடித்தால் உடனே விளக்கை அணைக்காதீர்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். நடிப்பைப் பற்றியும் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, "அந்தப் பொண்ணு ஏன் சொல்லல? நம்ம வீட்ல இருந்தா சொல்லியிருக்குமா?" என்றும் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் என்ன பதில் வருகிறது?