பூட்டிய சுவடியும் பூட்டிய நிரலும்

ஓலைச்சுவடிகளைப் பேழையிலிட்டுப் பூட்டி, "எம் முன்னோர் உடைமை, எவர்க்கும் காட்டோம்" என்று இறுமாந்திருந்தோர் இறுதியில் எதைக் காத்தனர்? கறையானுக்கு இரை காத்தனர்! அவ்விழிநிலை ஓலையோடு ஒழிந்ததென்று எண்ணற்க. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் இற்றைத் தமிழரிடையேயும் அது செழித்தே நிற்கின்றது. ஓலைக்குக் கறையான், நிரலுக்குப் பழுதுற்ற வட்டு. வேறுபாடு அவ்வளவே!

இந்நோய்க்கு மருந்து இல்லாமலில்லை. இலினக்சு இயங்குதளத்தைப் பல நாடுகளிலிருந்தும் எழுதுவோரை ஒருங்கிணைக்க, 2005-ஆம் ஆண்டு இலினசு தோர்வால்ட்சு 'கிட்' என்னும் கருவியை ஆக்கினார். தொலைவில் பொதுக் களஞ்சியம் ஒன்று; உழைப்பார் ஒவ்வொருவர் பொறியிலும் அதன் முழுப்படி ஒன்று. ஒருவர் தம் மாற்றத்தைப் பதியுங்கால், யார், எந்நாள், எதன்பொருட்டு மாற்றினார் என்பதும் உடன் பதியும். பிறர் மாற்றங்களை முதலிற் பெற்று இணைத்து, அதன் பின்னரே தம்முடையதை அனுப்புவார். இருவர் ஒரே வரியை இருவேறாகத் திருத்தியிருப்பின் கருவி முரணைக் காட்டி நிற்கும். முடிவு செய்வோர் மாந்தரே. களஞ்சியமே அழியினும், உழைப்பார் ஒருவரின் படியிலிருந்து அதனை மீட்கலாம்.

இவ்வொழுங்கு தமிழர்க்குப் புதிதோ? பெரம்பலூர், அரியலூர் மண்ணைக் கேட்பீர்! உ.வே.சா. இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்து, அரியலூர்ச் சடகோபரிடமும் செங்கணம் விருத்தாசலரிடமும் தமிழ் பயின்றவர். 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் அவர் அச்சேற்றியது ஒற்றைச் சுவடியை நம்பியன்று. பல ஊர்ச் சுவடிகளைத் தொகுத்து, ஒப்புநோக்கி, வேறுபாடுகளைக் குறித்தே பதிப்பித்தார். சுவடி தர மறுத்தோர் மட்டுமே நாட்டில் இருந்திருப்பின் அந்நூல்கள் நமக்குக் கிடைத்தே இரா.

சுவடியிற் பெற்ற படிப்பினையைக் கணிப்பொறியில் மறந்தோம். 1990-களில் ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம்! ஒருவர் தட்டச்சிட்ட தமிழ் மற்றவர் பொறியில் புரியாக் குறிகளாய்ச் சிதறிற்று. தமிழ்நாட்டரசு ஒருங்குகுறியைத் தரமாக ஏற்றதோ 2010-இல்! கூடி உழையாமையின் விலை அது.

"நிரலைக் காட்டினாற் களவு போகும்" என்பார் சிலர். களஞ்சியத்தைக் குழுவினர்க்கு மட்டுமே திறந்து வைக்கவும் வழியுண்டே! "தமிழிற் சொல்லில்லை" என்பார் வேறு சிலர். களஞ்சியம், கிளை, இணைப்பு, முரண், பதிவு: இவை எந்நாட்டுச் சொற்கள்? மாற்றக் குறிப்பைத் தமிழில் எழுத அக்கருவி தடை சொல்லவில்லை. தடை உள்ளத்திலன்றோ உள்ளது!

மற்றொன்றும் உண்டு. பலரும் நாடும் 'கிட்அப்பு' தளம் 2018 முதல் அமெரிக்க மைக்குரோசாப்டு நிறுவனத்தின் உடைமை. ஆங்கு வைப்பது குற்றமன்று. ஆங்கு மட்டுமே வைப்பதுதான் பேதைமை. கிட் கட்டற்ற மென்பொருள்; அதற்கு விலையில்லை. கல்லூரிக் கணிப்பொறி ஒன்றிலேயே களஞ்சியம் நிறுவலாம்.

தமிழ் இளைஞர்காள்! பெரம்பலூரும் அரியலூரும் 2001-இல் இரு மாவட்டங்களாயின, 2002-இல் இணைந்தன, 2007-இல் மீண்டும் பிரிந்தன. நிரலும் அவ்வாறே கிளைக்கட்டும், இணையட்டும்! ஆயின் மறைந்து கிடந்து மடிதல் வேண்டா. பேழையைத் திறமின்! பதிமின், பகிர்மின், தமிழிலேயே குறிப்பெழுதுமின்!