செம்மஞ்சட் கண்ணாடியும் ஈயக் கண்ணாடியும்

முன்னர் எம்மிடம் பௌதிகம் பயின்ற மாணவி ஒருத்தி, சென்ற ஞாயிறு மாலை வெள்ளவத்தையிலுள்ள எமது இல்லத்துக்கு வந்திருந்தாள். கொட்டாஞ்சேனையில் ஒரு பல் வைத்திய நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்து அவளுக்கு மூன்று மாதங்களாகின்றன. கைப்பையிலிருந்து செம்மஞ்சள் நிறக் கண்ணாடி ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தாள்.

"எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும்போது இதைத்தான் அணிந்து நிற்கிறேன், சேர். கண்ணுக்குப் பயமில்லைத்தானே?"

எமக்குத் திக்கென்றது. பல்லில் அடைத்த பசையை இறுகச் செய்ய ஒரு நீல விளக்குப் பிடிப்பார்களல்லவா? அவ்வொளியைத் தடுப்பதற்கே செம்மஞ்சட் கண்ணாடி. எக்ஸ் கதிருக்கு அது இருந்தும் இல்லாததற்குச் சமம். குடை மழையைத் தடுக்கும், நுளம்பைத் தடுக்குமா? எக்ஸ் கதிரைத் தடுக்க ஈயம் கலந்த கண்ணாடியே வேண்டும்.

இது புதிய செய்தியன்று. றொன்ட்ஜன் இக்கதிரைக் கண்டது 1895இல். மறு ஆண்டே ஜேர்மனியில் வால்கொப் என்னும் பல் வைத்தியர் தம் வாயையே இருபத்தைந்து நிமிடம் கதிருக்குக் காட்டிப் படம் எடுத்தார். அமெரிக்கப் பல் வைத்தியர் கெல்ஸ், பல்லாண்டுகள் கதிரிலே கை வைத்துப் பழகிப் புற்றுநோய்க்கு ஆளாகி, விரல்களையும் பின்னர் கையையும் இழந்து 1928இல் மாண்டார். ஈயக் கண்ணாடி அணியுமாறு பொஸ்டன் நகரத்துப் பல் வைத்தியர் றொலின்ஸ் அக்காலத்திலேயே எச்சரித்தார், கேட்டவர் சிலரே.

கண் வில்லைக்கு நேரும் கேடு வலியின்றி வருவது. ஆண்டுகள் கழிந்தபின் மங்கலாகத் தெரிவது. இதனாலேயே, தொழிலாளரின் கண் வில்லைக்கு ஆண்டுக்கு 150 மில்லிசீவேட் என்றிருந்த எல்லையை, ஐந்தாண்டுச் சராசரியில் 20ஆகக் குறைக்குமாறு சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணைக்குழு 2011இல் விதந்துரைத்தது. பற்படக் கதிர் மிகச் சிறிது. ஒழுங்காக விலகி நிற்பவர் இவ்வெல்லையை நெருங்கவே மாட்டார்.

"படம் எடுக்கும்போது நீ எங்கே நிற்கிறாய்?" என்றோம்.

"கதிரைக்குப் பக்கத்தில், சேர். பிள்ளைகள் அசைந்தால் பிலிமை நானே பிடிப்பேன்."

கண்ணாடியை மறந்தோம். பிலிமைக் கையால் பிடிக்கவே கூடாது. அதற்கென்று பிடிகருவி உண்டு. பிள்ளையைப் பிடிக்கத்தான் வேண்டுமெனில், ஈய அங்கி அணிந்த தாயோ தந்தையோ பிடிக்கட்டும். தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒன்றாகும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியது நினைவில்லையா என்று சற்றுக் கடிந்தும் கொண்டோம்.

அருகே நின்றே தீரவேண்டியவர்க்குத்தான் ஈயக் கண்ணாடி. வாங்குவோர், எத்தனை மில்லிமீற்றர் ஈயத்துக்கு ஈடு என்பது பொறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும், 0.5, 0.75 என்பன வழக்கம். நோயாளியின் முகத்திற்பட்டுச் சிதறும் கதிர் பக்கவாட்டிலும் கீழிருந்தும் புகுமாதலால், பக்க மறைப்பும் கன்னத்தோடு படிதலும் முக்கியம். பாரமான பொருள், குனிந்து பார்த்து, வழுக்காததையே வாங்கவேண்டும்.

"முதலாளியிடம் கேட்டால் வேலை போய்விடுமோ?" என்றாள். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி கதிர்க் கருவிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஊழியரைக் காப்பது அதைப் பெற்றவரின் கடமை. கண்ணாடி வாங்கித் தரும்படி கேளாமல், பொத்தானுக்கு நீண்ட வயர் போடும்படி முதலிற் கேள் என்றோம், செலவும் குறைவு.

அளவுநாடாவை எடுத்து, எமது கூடத்தில் இரண்டு மீற்றர் அளந்து காட்டினோம். அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எங்கள் அறையே அவ்வளவு நீளமில்லை, சேர்."

"அப்படியானால் வயர் சுவருக்கு வெளியே வரட்டும்" என்றோம்.