இணையவழிக் கல்வியில் கடிவாளம் யார் கையில்?

கல்லூரியில் மாணவர்தம் நேரத்தை இதுகாறும் ஆட்சி செய்து வந்தது கால அட்டவணையே. எப்பொழுது அமர்வது, எதனை முதலில் படிப்பது, எந்நாளில் தேர்வெழுதுவது என்பனவற்றையெல்லாம் அதுவே முடிவு செய்தது. மணி அடித்தால் வகுப்பு. மீண்டும் அடித்தால் விடுதலை. இணையவழிக் கல்வி வந்ததும் அம்மணி ஓய்ந்தது. 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபொழுது இதனை நாம் கண்கூடாகக் கண்டோம். தொற்று தணிந்தது, இணையவழிப் பாடம் நம்மை விட்டு நீங்கவில்லை. ஒரு பருவத்திற்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை 'ஸ்வயம்' தளத்தின் வழியே பயிலப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் இடந்தந்தன. ஆகவே, மணி அடிப்பாரில்லாத வகுப்பில் மாணவர் எங்ஙனம் பயில்வார் என்னும் வினா நம் கல்லூரி வாயிலில் வந்து நிற்கின்றது.

இவ்வினா வெறுங்கற்பனையன்று. அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகமும் 2012இல் கூடித் தொடங்கிய 'எட்எக்ஸ்' தளத்தில் அவ்விரு நிறுவனங்களும் நடத்திய பாடங்களை ஆராய்ந்து, 2019இல் 'சயன்ஸ்' இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. பதிவு செய்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பாடத்தின் உள்ளேயே நுழையவில்லை. 2017-18இல் முடித்தோர் நூற்றுக்கு மூவர் அளவினரே. வேடிக்கை பார்க்க வந்தோர் அவருட் பலர் என்று கூறி நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் நம் மாணவர்க்கு அப்பாடம் வேடிக்கையன்று. மதிப்பெண் பட்டியலில் ஏறும் பாடம்.

தன்னைத் தானே நெறிப்படுத்திக் கற்றல் என்பது யாது? இதனை விரிவாக ஆராய்ந்த பேரி சிம்மர்மன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் மூன்று நிலைகளைக் கூறுவார். கற்கும் முன் இலக்கு வகுத்தல், கற்குங்கால் தன் கவனத்தைத் தானே காத்தல், கற்றபின் விளைவை எடைபோட்டு அடுத்த முறைக்குத் திருத்திக்கொள்ளல் என்பன அவை. மூன்றாவது முதலாவதற்கு வழிகாட்டும்; ஆதலின் இது சுழலும் சக்கரம். கைப்பேசிச் செயலிகள் இச்சக்கரத்திற்கு மசகு இடலாம். சக்கரத்தைச் சுழற்றுவது அவற்றின் வேலையன்று.

பயன்மிக்க செயலி ஒன்றினைக் காண்போம். 'அங்கி' என்பது 2006இல் வெளிவந்த நினைவட்டைச் செயலி. ஆண்டிராய்டு கைப்பேசியில் இலவசமாகக் கிடைப்பது. "சீறாப்புராணத்தின் மூன்று காண்டங்கள் யாவை?" என்று அட்டையின் ஒரு புறம் எழுதுகின்றோம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மறுபுறம் விடை. எளிதாக விடை வந்தால் அவ்வட்டை பல நாள் கழித்துத் திரும்பும். தடுமாறினால் விரைவில் வந்து நிற்கும். இதன் அடிப்படை உறுதியானது. ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தோர் ஒரு வாரத்திற்குப் பின் 40 விழுக்காடே நினைவிற் கொண்டிருந்தனர். ஒரு முறை படித்து, மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோரோ 61 விழுக்காடு நினைவிற் கொண்டிருந்தனர். வியப்பென்னவெனில், படித்து ஐந்து மணித்துளிகளில் சோதித்தபொழுது முன்னவரே விஞ்சி நின்றனர். மீண்டும் மீண்டும் படித்தல் தெரிந்துவிட்டது போன்றதொரு மயக்கத்தைத் தருகின்றது. தேர்வுக்கு முன்னிரவு முழுதும் விழித்திருப்போர் அம்மயக்கத்தை நன்கறிவர்!

இதிற் புதுமை ஏதுமில்லை என்று நம் பெரியோர் கூறக்கூடும், அது உண்மையே. ஹிஃப்ழு மதரஸாவிற் பயிலும் சிறுவன் நாள்தோறும் புதுப்பாடத்துடன் அண்மைப் பாடத்தையும் பழைய பாடத்தையும் உஸ்தாதிடம் ஒப்பிக்கின்றான். ஆங்கே முறை வைத்துத் தருபவர் உஸ்தாத், ஈண்டுச் செயலி. அட்டையை எழுத வேண்டியவர் மட்டும் மாணவரே. பிறர் ஆக்கிய அட்டைகளை இறக்கிக்கொள்வோர் பாதிப் பயனை இழக்கின்றனர் என்பது நம் கருத்து.

கவனத்தைக் காக்கும் செயலிகளும் உள. கைப்பேசியைத் தொடாதிருக்கும்வரை திரையில் மரம் வளர்க்கும் 'ஃபாரஸ்ட்' அவற்றுள் ஒன்று. இருபத்தைந்து மணித்துளி படித்துச் சிறிது ஓயும் 'பொமோடோரோ' முறையை வகுத்த இத்தாலியர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் பிற்பகுதியிற் கையாண்டது, தக்காளி வடிவிலான சமையலறைக் கடிகாரமே. ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பங்கிட்டுக்கொள்ளும் இல்லங்கள் நம்மிடையே பல. அங்கே தங்கையின் முறை பெரும்பாலும் இரவு பத்து மணிக்குப் பின்னரே வருகின்றது. அவளுக்குச் சுவர்க்கடிகாரமும் ஒரு குறிப்பேடும் போதும் என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை.

செயலிகளாற் கூடாதவற்றையும் கூறியாக வேண்டும். ஆர்வர்டு, எம்.ஐ.டி., ஸ்டான்போர்டு நிறுவனங்களின் ஏறத்தாழ 250 இணையப் பாடங்களில், இரண்டரை இலட்சம் மாணவரிடையே நிகழ்த்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. எப்பொழுது, எங்கே படிப்பேன் என்று தொடக்கத்தில் எழுதச் செய்தமை முதற்சில வாரங்களில் ஊக்கம் தந்தது. பாடத்தை முடித்தோர் தொகையை அது உயர்த்தவில்லை. ஒருமுறை தூண்டிவிட்டு விலகுதல் போதாது என்பதே நாம் இதிற் காண்பது.

என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. மொத்த மதிப்பெண்ணில் 25 விழுக்காடு அதற்கு. எஞ்சிய 75 விழுக்காடு மையத்திற்குச் சென்றெழுதும் தேர்வுக்கு. ஒப்படைப்பின் விடைகளைக் குழுக்களில் தேடி எடுத்து நிரப்புவோர் உளர். அவர்தம் செயலி நினைவூட்டுகின்றது, பச்சைக் குறி இடுகின்றது, வாழ்த்தும் கூறுகின்றது. கற்றல் மட்டும் நிகழவில்லை. மாணவர் எத்தனை மணி திரைமுன் இருந்தார் என்பதனைத் துறைக்கு அறிவிக்கும் ஏற்பாடுகளை நாம் ஐயத்துடன் நோக்குவதற்கும் இதுவே காரணம். பிறர்க்குக் காட்டவே பதிவேடு என்றானபின் மாணவர் அதனை நிரப்புவாரேயன்றி அதிலிருந்து கற்கமாட்டார். பதிவு மாணவர் கையிலேயே இருத்தல் வேண்டும்.

கைப்பேசியே கேட்டிற்கு மூலம், அதனைப் பறித்தால் எல்லாம் சீராகும் என்னும் பெரியோர்தம் கவலையை நாம் மதிக்கின்றோம். எனினும் பாடமே கைப்பேசியில் வரும் நாளில் பறிப்பதால் பயனில்லை. இணையப் பாடத்தின் முதல் வாரத்தில் ஒரு மணி நேரத்தை எப்படிப் படிப்பது என்பதற்கே ஒதுக்குக என ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றோம். பின்னர் வாரந்தோறும் பத்து மணித்துளி போதும். "இவ்வாரம் எண்ணியது யாது? முடித்தது யாது? அடுத்த வாரம் எதனை மாற்றுவாய்?" என மாணவரைக் கேட்கலாம். விடையை மாணவர் தம் ஏட்டிற் குறித்துக்கொள்ளட்டும். அதற்கு மதிப்பெண் இடுதல் வேண்டா. வருகின்ற பருவத்தில் ஒரே ஒரு பாடத்திலேனும் தமிழ்த்துறையே இதனைத் தொடங்கலாம்.