மானி சொல்லும் 14.7

காற்று–எரிபொருள் விகித மானியில் 14.7 தெரிந்துவிட்டால் நம் பட்டறை நண்பர்களுக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. எனக்கோ ஐயமே எழுகின்றது. அம்மானி பெட்ரோலை அளப்பதே இல்லை. புகைக்குழாயில் எஞ்சிய ஆக்சிஜனைக் கொண்டு, தேவைக்கு எத்தனை மடங்கு காற்று சென்றது என்னும் லாம்டாவைக் கணித்து, அதை 14.7ஆல் பெருக்கிக் காட்டுகிறது. தூய பெட்ரோலுக்கு அது பொருந்தும். 2023இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த இ20 எரிபொருளில் ஐந்திலொரு பங்கு எத்தனால். அது முற்றும் எரிய வேண்டிய விகிதம் ஏறத்தாழ 13.5. அப்போதும் மானி 14.7 என்றே சாதிக்கும்! விவரம் அறிந்தவர் (அவரே ஆபத்தானவர்) மானியை 13.5க்குக் கொணர்ந்தால் கலவை செறிவாகி எரிபொருள் வீணாகும். லாம்டா 1 என்பதோ எந்த எரிபொருளுக்கும் 1தான். பெரும்பாலான மானிகளை லாம்டா காட்டும்படி மாற்றலாம். அதைச் செய்யாமல் கார்புரேட்டரில் கைவைப்போரிடம் என் காரை ஒப்படைக்க மாட்டேன்.