ஒருவர் தோளில் ஒரு நாட்டின் தோல்வி

வெற்றி பெற்ற நாள் விழாவோடு முடிந்து விடுகின்றது. தோற்ற நாளோ எளிதில் முடிவதில்லை. கால்பந்து ஆட்டத்தில் உள்ளம் தோய்ந்தவர்களிடம் உரையாடிப் பார்த்தால் இவ்வுண்மை புலப்படும். தம் அணி வென்ற ஆட்டங்களின் கோல் கணக்கை அவர்கள் மறந்திருப்பர். தோற்ற ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களை மட்டும் நேற்று நடந்ததைப் போல் எடுத்துரைப்பர். உலகக் கோப்பை நடைபெறும் ஆண்டுகளில் நம் மாணவர் விடுதியிலும் இதனைக் காண்கின்றோம். பிரேசிலோ அர்ஜென்டினாவோ தோற்ற மறுநாள் காலை, முதல் பாடவேளையில் அமர்ந்திருக்கும் சிலரின் முகமே செய்தியைச் சொல்லி விடும். கடல் கடந்த நாடொன்றின் தோல்வி இங்குள்ள ஓர் இளைஞனின் உணவையும் உறக்கத்தையும் கெடுக்குமாயின், அந்நாட்டு மக்களின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இத்துயரை இகழ்வது நம் நோக்கமன்று. அன்பு வைத்தவனுக்கே இழப்பு உண்டு. நாம் ஈண்டு ஆராய விரும்புவது வேறொன்று. தோல்வியின் துயரம் எங்கே முடிகின்றது? தோற்றவனுக்கு இழைக்கும் அநீதி எங்கே தொடங்குகின்றது? இவ்வினாக்களுக்கு விடை தேட 1950-ஆம் ஆண்டின் பிரேசில் நாட்டை விடப் பொருத்தமான களம் வேறில்லை எனலாம்.

மரக்கானாவில் ஒரு மாலை

இரண்டாம் உலகப் போரினால் 1942, 1946 ஆகிய ஆண்டுகளில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெறவில்லை. போருக்குப் பின் நடந்த முதற் போட்டியை 1950-இல் பிரேசில் ஏற்று நடத்தியது. அதற்கெனவே ரியோ டி ஜெனீரோ நகரில் மரக்கானா என்னும் மாபெரும் அரங்கை எழுப்பியது. அவ்வாண்டு இறுதி ஆட்டம் என ஒன்று வகுக்கப்படவில்லை. பிரேசில், உருகுவே, ஸ்பெயின், சுவீடன் ஆகிய நான்கு அணிகள் தமக்குள் ஆடி, மிகுதியான புள்ளிகள் பெறும் அணி கோப்பையைப் பெறும் என்பதே ஏற்பாடு. பிரேசில் சுவீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் வென்றது. உருகுவேயோ ஸ்பெயினுடன் 2-2 எனச் சமன் செய்து, சுவீடனை 3-2 என அரிதில் வென்றது. எனவே கடைசி ஆட்டத்தில் பிரேசில் சமன் செய்தாலே போதும். கோப்பை அதற்குரியதாகி விடும்.

ஜூலை 16. நுழைவுச் சீட்டுப் பெற்றோர் மட்டும் 1,73,850 பேர். உள்ளே திரண்டோர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் எனக் கணிப்போர் உளர். ஆட்டம் தொடங்கும் முன்னரே பிரேசில் வீரர்களை 'உலக வெற்றியாளர்' எனப் படத்துடன் அச்சிட்ட நாளேடும் உண்டு. உலகக் கால்பந்துக் கழகத்தின் தலைவர் ஜூல்ஸ் ரிமே, பிரேசிலை வாழ்த்துவதற்குப் போர்த்துகீசிய மொழியில் உரை ஒன்றை ஆயத்தம் செய்து வைத்திருந்தார்.

இடைவேளை முடிந்த சிறு பொழுதிலேயே பிரேசிலின் ஃபிரியாசா முதல் கோலை அடித்தார். அரங்கம் அதிர்ந்தது. உருகுவே அணித் தலைவர் ஒப்துலியோ வரேலா பந்தைக் கையில் எடுத்துக் கொண்டு நடுவரிடம் நீண்ட நேரம் வாதாடினார். கோல் செல்லாது என்று நடுவர் கூறப் போவதில்லை என்பதை அவர் அறிவார். ஆரவாரம் அடங்க வேண்டும், தம் வீரர்களின் நெஞ்சு நடுக்கம் தணிய வேண்டும் என்பதே அவர் கருத்து. 66-ஆம் நிமிடத்தில் கிஜியா வலப்புறத்தே ஓடி வந்து நடுவே அனுப்பிய பந்தை ஸ்கியாஃபினோ கோலாக்கினார். அப்போதும் பிரேசிலுக்கு இழப்பில்லை, சமநிலையே போதுமானது. 79-ஆம் நிமிடத்தில் கிஜியா மீண்டும் அதே வழியில் வந்தார். முன்பு போல் நடுவே அனுப்புவார் எனக் கருதிய பிரேசிலின் கோல் காப்பாளர் பார்போசா ஓரடி முன்னே நகர்ந்தார். கிஜியாவோ கம்பத்திற்கும் காப்பாளருக்கும் இடையில் இருந்த சிறு இடைவெளியில் பந்தை உதைத்தார். உருகுவே 2, பிரேசில் 1. அரங்கம் பேச்சற்றுப் போயிற்று. ரிமே தம் உரையைப் படிக்கவில்லை. விழா ஏதுமின்றிக் கூட்டத்தினிடையே வரேலாவைத் தேடிக் கண்டு கோப்பையைக் கையில் கொடுத்தார்.

ஐம்பது ஆண்டுத் தண்டனை

அன்று முதல் பிரேசில் ஒரு குற்றவாளியைத் தேடத் தொடங்கியது. கிஜியாவைத் தடுக்கத் தவறிய பிகோடே, உதவிக்கு வராத ஜுவேனால், பந்தை விட்டு விட்ட பார்போசா என மூவர் மீது பழி விழுந்தது. மூவருள்ளும் பார்போசாவே பெரும் பழியைச் சுமந்தார். அவர் கருநிறத்தவர். அந்நிறத்தார் கோல் காக்கத் தகுதியற்றவர் என்னும் இழிந்த எண்ணம் அத்தோல்வியைச் சாக்காகக் கொண்டு பல்லாண்டுகள் நிலவியது. 2006-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் தீதா என்னும் கருநிறக் காப்பாளர் முதன்மை இடத்தில் நின்றபோதும், 1950-இன் நினைவு மீண்டும் பேசப்பட்டது என்றால் அதன் ஆழம் விளங்கும்.

பார்போசா எளிய ஆட்டக்காரர் அல்லர். 1948-இல் வாஸ்கோ ட காமா அணியுடன் தென்னமெரிக்கச் சங்கங்களுக்கான கோப்பையை வென்றவர். 1949-இல் நாட்டு அணியுடன் தென்னமெரிக்கக் கோப்பையை வென்றவர். 1950-இல் அவருக்கு அகவை 29. அதன் பின் வாழ்ந்த ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளிலும் அவருக்கு ஒரே அடையாளம்தான் இருந்தது. கடையொன்றில் ஒரு தாய் தம் சிறுவனிடம் அவரைச் சுட்டிக் காட்டி, பிரேசில் முழுவதையும் அழ வைத்தவர் இவரே என்று கூறியதை அவர் இறுதி வரை மறக்கவில்லை. 1993-இல் நாட்டு அணியின் பயிற்சி முகாமைக் காணச் சென்றபோது, அவர் வரவு தீய நிமித்தம் எனக் கருதித் திருப்பி அனுப்பப்பட்டார். அன்றைய பிரேசில் சட்டத்தில் மிகப் பெரிய தண்டனை முப்பதாண்டுச் சிறையாகவே இருந்தது. தாம் செய்யாத குற்றத்திற்குத் தாம் ஐம்பதாண்டு அனுபவித்து விட்டதாக அவர் சொன்னார். 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று, தம் 79-ஆம் அகவையில் மறைந்தார்.

குற்றம் யாருடையது?

சற்றே நடுநிலையோடு நோக்குவோம். களத்தில் ஆடியவர் பதினொருவர். ஏழு கோலும் ஆறு கோலும் அடித்த அணி அன்று ஒன்றே அடித்தது. அது பார்போசாவின் குறையா? முதல் கோல் எவ்வழி வந்ததோ அவ்வழியே இரண்டாவதும் வந்தது. இடைப்பட்ட பதின்மூன்று நிமிடங்களில் அவ்வழியை அடைக்காதது அவர் ஒருவரின் பொறுப்பா? ஆட்டத்திற்கு முன்பே வெற்றியை அச்சிட்ட நாளேடும், மாலையும் உரையும் ஆயத்தம் செய்த பெரியோரும் கோல் காப்பாளரா? எதிர் அணியினரின் துணிவையும் திறனையும் ஏன் கணக்கில் கொள்ளவில்லை? உருகுவே 1930-லேயே உலகக் கோப்பையை வென்ற நாடன்றோ?

உண்மை யாதெனில், பெருந்துயருக்குப் பல காரணங்கள் உண்டு என ஏற்பது உள்ளத்திற்குக் கடினம். ஒருவனைச் சுட்டி விட்டால் எளிது. ஒருவனைச் சுட்டும்போது மற்ற அனைவரும் தூயவராகி விடுகின்றோம். நம் இறுமாப்பும் நம் அவசரமும் அவன் நிழலில் மறைந்து கொள்கின்றன. ஆகவேதான் அத்தகைய தோல்விகள் ஆறுவதில்லை. தோல்வியைத் தோல்வியாக ஏற்றுக் கொண்டால் காலம் அதனை ஆற்றி விடும். அதனை ஒருவர் மீதான குற்றமாக மாற்றி விட்டாலோ, அவரைக் காணுந்தோறும் புண் புதிதாகின்றது.

பழி சொல்லோடு நின்று விடும் எனவும் கூற இயலாது. 1994-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், ஜூன் 22 அன்று அமெரிக்காவுடன் நடந்த ஆட்டத்தில் கொலம்பியாவின் ஆந்திரேஸ் எஸ்கோபார் பந்தைத் தடுக்க முயன்று தம் கோலிலேயே தள்ளி விட்டார். கொலம்பியா 2-1 எனத் தோற்றது. பத்து நாட்களில், ஜூலை 2 அன்று, தம் சொந்த நகரமான மெடலினில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அகவை 27. வாழ்க்கை இத்துடன் முடிந்து விடவில்லை என்னும் கருத்தமைந்த கட்டுரை ஒன்றை நாளேட்டில் எழுதியிருந்தவர் அவர் என்பது நெஞ்சை உருக்குகின்றது.

தவறு செய்தவனைத் திறனாய்வு செய்தல் கூடாதா என வினவுவார் உண்டு. செய்யலாம், செய்யவும் வேண்டும். காப்பாளர் எங்கே நின்றார், எங்கே நின்றிருக்க வேண்டும் என்று ஆராய்வது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. அது அடுத்த ஆட்டம் வரை பயன் தரும். இவன் யார், இவன் நிறம் என்ன, இவன் இந்நாட்டுக்கு உரியவனா என்று கேட்பது ஆட்டத்தைப் பற்றிய பேச்சன்று.

துயரம் தந்த நற்பயன்

அதே தோல்வியிலிருந்து நல்லனவும் முளைத்தன. அன்று வானொலியருகே தம் தந்தை அழுவதைக் கண்ட ஒன்பது அகவைச் சிறுவன் ஒருவன், உனக்காக நான் கோப்பை வென்று தருவேன் என ஆறுதல் கூறினான். பெலே என்னும் அச்சிறுவன் 1958-இல், பதினேழு அகவையில், அச்சொல்லைக் காத்தான். தோல்வியின் அடையாளமாகி விட்ட வெள்ளைச் சட்டையை மாற்ற 1953-இல் நாளேடு ஒன்று போட்டி வைத்தது. மஞ்சள் சட்டையை வரைந்து வென்றவர் அல்தீர் கார்சியா ஷ்லீ என்னும் பத்தொன்பது அகவை இளைஞர். உருகுவே எல்லையோரத்தில் பிறந்த அவர் உருகுவே அணியின் மீதும் அன்பு கொண்டவர் என்பது வியப்பூட்டும் செய்தி. துயரத்தை உழைப்பாக மாற்றியோரும் உளர். பழியாக மாற்றியோரும் உளர். துயரம் ஒன்றே, அதனை ஏந்திய கைகளே வேறு.

வெண்ணியில் தோற்றவன்

தமிழ் பயில்வோர்க்கு இவ்விடத்தில் வெண்ணிப் போர் நினைவுக்கு வருதல் இயல்பு. கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். வென்றவனின் நாட்டிலேயே வாழ்ந்த வெண்ணிக் குயத்தியார், வென்ற கரிகாலனை நேரில் நோக்கியே, தோற்று வடக்கிருந்தவன் நின்னை விட உயர்ந்தவன் அல்லனோ என்று பாடினார். அப்பாடல் புறநானூற்றில் உள்ளது. தோற்றவனின் மாண்பை வென்றவன் அவையில் எடுத்துரைக்கும் துணிவு நம் இலக்கிய மரபில் உண்டு.

மரக்கானாவிலும் அத்தகைய உள்ளம் ஒன்று இருந்தது. வெற்றி பெற்ற அன்றிரவு வரேலா தம் அணியினரின் கொண்டாட்டத்தை விட்டு நீங்கி, நகரத்துள் சென்று, அழுது கொண்டிருந்த பிரேசில் மக்களிடையே அமர்ந்திருந்தார். அவர்கள் துயரைக் கண்டு அவர் உள்ளமும் வருந்தியது. வென்றவனுக்கே இரக்கம் பிறந்த இரவில், தன் வீரனிடம் இரங்க அவன் நாட்டுக்குத் தோன்றவில்லையே என்பதுதான் நம் வருத்தம்.

நாம் கொள்ள வேண்டுவது

2014-ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று, மீண்டும் தன் மண்ணிலேயே, பிரேசில் ஜெர்மனியிடம் 7-1 எனத் தோற்றது. முதல் 29 நிமிடங்களிலேயே ஐந்து கோல்கள். இம்முறை பழியை ஒருவர் தலையில் வைக்க இயலவில்லை; அது அணி முழுவதன் தோல்வியாக அனைவர் கண்ணுக்கும் தெரிந்தது. பார்போசாவின் கடன் தீர்ந்தது என்று அப்போது சொன்னார்கள் சிலர். அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

2021-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்து இத்தாலியிடம் தோற்றபோது, பெனால்டி வாய்ப்பைத் தவறவிட்ட கருநிற இளைஞர் மூவர் மீது இழிசொற்கள் பொழியப்பட்டன. மான்செஸ்டரில் அவர்களுள் ஒருவரான ராஷ்ஃபோர்டின் சுவரோவியம் மாசுபடுத்தப்பட்டது. ஆனால் அவ்வூர் மக்கள் திரண்டு வந்து, அன்பு மொழிகள் எழுதிய தாள்களை ஒட்டி அம்மாசினை மறைத்தனர். பார்போசாவுக்கு எவரும் ஒட்டாத தாள்கள் அவை.

மாணவர்களே, நாளை நீங்கள் ஆதரிக்கும் அணி தோற்கக் கூடும். நம் கல்லூரி அணியே இறுதியாட்டத்தில் ஒரு மாணவனின் பிழையால் கோப்பையை இழக்கக் கூடும். அன்று அழுங்கள், அதில் குறையில்லை. ஆனால் அவன் தலைகுனிந்து களத்தை விட்டு வரும்போது, அவன் தோளில் முதலில் விழுவது உங்கள் கையாக இருக்கட்டும். ஆசிரியராகிய நமக்கும், ஊர்ப் பெரியோர்க்கும் இதுவே கடமை. தேர்வில் தவறியவனையும் தொழிலில் நொடித்தவனையும் அவன் பிழையின் பெயராலேயே வாழ்நாள் முழுதும் அழைக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டன்றோ? ஐம்பதாண்டுத் தண்டனை விதிக்க மரக்கானா அளவு அரங்கம் தேவையில்லை. ஒரு தெருவே போதும். அத்தண்டனையை எவர்க்கும் விதியாதிருப்போமாக.