தீர்மானம் போதாது, பட்டா கொடு!

2025 டிசம்பர் 19 அன்று தமிழ்நாட்டின் வரைவு வாக்காளர் பட்டியல் வெளியானது. 6 கோடியே 41 லட்சம் பேர் இருந்த பட்டியல் 5 கோடியே 43 லட்சமாகச் சுருங்கிவிட்டது. நீக்கப்பட்டவர்கள் 97 லட்சத்துக்கும் மேல். அதில் ஏறத்தாழ 27 லட்சம் பேர் இறந்தவர்கள், மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் இரட்டைப் பதிவு என்கிறது தேர்தல் ஆணையம். அவர்களை விடுவோம். மிச்சமுள்ள 66 லட்சம் பேர் யார்? ‘இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

நவம்பர் மாதத்தில் வீட்டில் இல்லாதவர் யார் என்று பரமத்தி வேலூர் பக்கத்துச் சேரிகளில் கேட்டுப் பாருங்கள். கரும்பு வெட்டப் போனவர், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர், போர்வெல் லாரியில் வடமாநிலம் போனவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் தங்கி வேலை செய்பவர். நிலமுள்ளவன் நிலத்தோடு இருப்பான். நிலமில்லாதவன் வேலை இருக்கும் இடத்தில் இருப்பான். ‘முகவரியில் இல்லை’ என்பதை நாம் ‘நிலம் இல்லை’ என்றுதான் படிக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு என்ன செய்தது? நவம்பர் 2 அன்று அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டியது. சிறப்புத் தீவிரத் திருத்தத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆளுங்கட்சி உச்ச நீதிமன்றம் போனது. கேரளச் சட்டமன்றம் அதற்கு முன்பே செப்டம்பர் 29 அன்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. இதையெல்லாம் நாம் வரவேற்கிறோம். ஆனால் நவம்பர் 4 அன்று படிவத்தோடு நம் தெருவுக்கு வந்தவர் யார்? அதே மாநிலத்தின் அங்கன்வாடிப் பணியாளரும், ஆசிரியரும், வருவாய்த்துறை ஊழியரும்தான். கேட்டால், சட்டம் அப்படி என்பார்கள். உண்மைதான். அரசமைப்புச் சட்டத்தின் 324(6) ஆணையம் கேட்கும் ஊழியர்களைத் தரச் சொல்கிறது. 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 13சிசி பிரிவு, பட்டியல் வேலையில் இருக்கும் வரை அவர்களை ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வைக்கிறது. சென்னையில் எந்தக் கட்சி ஆண்டாலும் ‘தரமாட்டேன்’ என்று சொல்ல வழியில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே வாக்காளர் பட்டியல் மாநிலங்களின் கையில் இருக்கிறது. 2025இல் ஒன்றிய நீதித்துறை, ஓட்டுநர் உரிம எண், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் உட்பட முழுப் பட்டியலைக் கேட்டது. சில மாநிலங்கள் கொடுத்தன. பல மறுத்தன. மெய்ன், ஒரேகான், கலிபோர்னியா உள்ளிட்ட மாநிலங்கள் மீது வழக்கு பாய்ந்தது. இதில் ஒரு கொடுமை உண்டு. பட்டியலைக் கேட்பதற்கு அவர்கள் காட்டிய சட்டங்களில் ஒன்று, கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த 1960 சிவில் உரிமைகள் சட்டம்! ஒடுக்கப்பட்டோருக்காக எழுதிய சட்டத்தையே ஒடுக்குவோர் எடுத்துக்கொள்ளும் வித்தை நமக்குப் புதிதல்ல.

சரி, மறுக்க முடியாத மாநில அரசால் எதுவுமே செய்ய முடியாதா? முடியும். இங்கேதான் நாம் கோட்டையைப் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

2002, 2005 பழைய பட்டியலோடு பெயர் பொருந்தாதவர்களிடம் ஆணையம் ஆவணம் கேட்கிறது. அதன் பட்டியலில் உள்ள பதினொன்றில் என்னென்ன இருக்கின்றன? சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அரசு தந்த வீடு அல்லது நில ஒதுக்கீட்டு ஆணை, வன உரிமைச் சான்று. ஆதாரை அடையாளத்துக்கு மட்டும் ஏற்கிறார்கள். ரேஷன் அட்டையும் நூறு நாள் வேலை அட்டையும் அந்தப் பதினொன்றில் இல்லை. அதாவது ஏழையிடம் இருப்பது செல்லாது, ஏழையிடம் இல்லாததுதான் செல்லும்.

அந்த இல்லாத தாள்களைத் தர வேண்டியவர் யார்? டெல்லி அல்ல. நம் வட்டாட்சியர் அலுவலகம். வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு கொடுத்து மூன்று தலைமுறையாக நடக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பட்டா கையில் இருந்தும் இடத்தை அளந்து காட்டாமல் இழுத்தடிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்கு அலைந்து படிப்பையே விட்ட பழங்குடிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாநிலம் தராத தாளை ஒன்றியம் கேட்கிறது. நடுவில் நசுங்குவது நாம்.

1919 சட்டத்தின் கீழ் சொத்தும் வரியும் இருந்தவருக்குத்தான் வாக்கு. அதே ஆண்டு சவுத்பரோ குழுவின் முன்னும், 1928இல் சைமன் குழுவின் முன்னும் நின்று அம்பேத்கர் வாதாடியது அந்த வேலியை உடைக்கத்தான். அரசமைப்பின் 326ஆவது பிரிவு வேலியை உடைத்தது. இன்று அது தாள் வேலியாகத் திரும்பி வருகிறது.

அடுத்தது நம் தகவல். படிவத்தில் பிறந்த தேதி, கைபேசி எண், பெற்றோர், துணைவர் விவரம், விருப்பமிருந்தால் ஆதார் எண். பட்டியலில் சாதிக்குக் கட்டம் இல்லையே என்பார்கள். தேவையே இல்லை தோழர்களே! ‘அருந்ததியர் தெரு’, ‘ஆதிதிராவிடர் காலனி’ என்று பட்டியலிலேயே அச்சாகியிருக்கிறது. தெருப் பெயரும் கைபேசி எண்ணும் ஒன்றாகச் சேர்ந்தால் யாரை விலைக்கு வாங்கலாம், யாரை மிரட்டலாம் என்று எவனும் கணக்குப் போடலாம். 2021இல் புதுச்சேரியில் ஆதாரோடு இணைந்த எண்களுக்குக் கட்சிப் பிரச்சாரச் செய்தி வந்தது என்ற புகார் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. விசாரிக்கச் சொன்னது நீதிமன்றம். எந்திரம் படிக்கும் வடிவில் பட்டியலை நாம் கேட்டால் மட்டும் ஆணையத்துக்குத் தனியுரிமை நினைவுக்கு வந்துவிடும்.

‘போலி வாக்காளரை நீக்க வேண்டாமா?’ என்பவர்களுக்கு ஒரு பதில். நீக்குங்கள். யார் போலி என்று நிரூபிக்கும் பாரம் அரசுடையது. முப்பது ஆண்டுகளாக வாக்களித்த பாட்டியைப் புதிய வாக்காளருக்கான படிவம் 6 எழுதச் சொல்வது திருத்தமல்ல, அவமதிப்பு.

ஆட்சேபம் தெரிவிக்க முதலில் 2026 ஜனவரி 18 வரை நேரம் தரப்பட்டது. என்ன செய்யலாம்?

வாக்குச்சாவடி வாரியாக நீக்கப்பட்டோர் பட்டியலை எடுங்கள். ஊர்த்தெரு எத்தனை, சேரி எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். ஆணையம் தராத சாதிக் கணக்கை அவர்கள் ஒதுக்கிவைத்த தெருக்களே நமக்குத் தரும். வெளியூரில் இருப்பவர்களுக்குப் போன் போட்டுப் படிவம் 6 நிரப்புங்கள், ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். நம் ஆட்கள் மீது யாராவது கத்தையாகப் படிவம் 7 கொடுத்தால் உடனே எதிர்த்து எழுதுங்கள்.

கூடவே ஒவ்வொரு சேரியிலிருந்தும் வட்டாட்சியருக்கு மனு போகட்டும். நிலுவையில் உள்ள வீட்டுமனைப் பட்டாவையும் சாதிச் சான்றிதழையும் தெருவுக்கே வந்து முகாம் போட்டுக் கொடுக்கச் சொல்வோம். ஒன்றியத்தை எதிர்க்கும் மாநில அரசுக்கு இதற்கு டெல்லியின் அனுமதி வேண்டாம், உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும் வேண்டாம். ஒரு கையெழுத்து போதும்.

ஜெய்பீம்!