தகப்பன் பெயரில் முதலாளியின் வழக்கு

“பெற்றவன் நான்; என் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பது என் உரிமை; இதில் சர்க்காருக்கு என்ன வேலை?”

கேள்வி நியாயமானதுதான். உழைப்பாளி மக்கள் எவரும் தங்கள் குழந்தைகளை சர்க்காருக்கு சாசனம் எழுதிக் கொடுத்துவிடவில்லை. ஆனால் இந்தக் கோஷத்தை யார் எழுப்புகிறார்கள், எந்தச் சமயத்தில் எழுப்புகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

அமெரிக்காவில் 1916ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலை வாங்கும் ஆலையின் சரக்கு மாகாணம் விட்டு மாகாணம் போகக் கூடாது. 14 முதல் 16 வயது வரை உள்ளவர்களை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினாலும் அதே தடை. வட கரோலினாவின் சார்லட் நகரில் டேகன்ஹார்ட் என்ற பஞ்சாலைத் தொழிலாளி கோர்ட்டுக்குப் போனார். மைனர் பிள்ளைகளின் சம்பாத்தியம் தகப்பனுக்குச் சொந்தம், அதைச் சட்டம் பறிக்கிறது என்பது அவர் வாதம்.

தினக்கூலிக்குப் பாடுபடும் மனிதனுக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்காட பணம் ஏது? தென்மாகாணங்களின் பஞ்சாலை முதலாளிகள் கொடுத்தார்கள்! வழக்குப் போட ஆள் தேடியதும் அவர்கள். பெரிய வக்கீல்களை அமர்த்தியதும் அவர்கள். 1918ல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம் நிற்க, சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. காங்கிரஸ் தன் அதிகார எல்லையைத் தாண்டிவிட்டதாம்!

சில ஆண்டுகள் கழித்து நிருபர் ஒருவர் மூத்த மகனைத் தேடிப் போனார். ஆள் வளர்ந்திருந்தார், எடை 105 பவுண்டு, படிப்பு இல்லை. வழக்கில் வென்று என்ன கண்டீர்கள் என்று கேட்டபோது, வக்கீல்களோடு சில தடவை கார் சவாரி, ஒரு கொக்கோ கோலா, அவ்வளவுதான் என்றார். பள்ளிக்குப் போயிருந்தால் நன்றாக இருந்திருப்பேன் என்றும் வருந்தினார். அந்தத் தீர்ப்பை அதே கோர்ட்டு 1941ல் தள்ளிவிட்டது. போன பிள்ளைப் பருவத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால், அழுகையை நம்பக் கூடாது. அதன் பல்லைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் சர்க்கார் செய்வதெல்லாம் சரியா? இல்லவே இல்லை. 1953ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி சர்க்கார் என்ன செய்தது? கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. சிரைப்பவர் மகன் சிரைக்க வேண்டும். வெளுப்பவர் மகன் வெளுக்க வேண்டும். இதற்குக் ‘குலக் கல்வி’ என்று மக்கள் பெயர் வைத்தார்கள். எந்தத் தகப்பன் இதைக் கேட்டான்? தன்னோடு இந்தப் பாடு தொலையட்டும் என்றல்லவா ஒவ்வொரு தகப்பனும் ஏங்கினான்! மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1954ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜ் சர்க்கார் திட்டத்தைக் கைவிட்டது.

முன்வாசலில் விரட்டப்பட்ட அந்தத் திட்டம் கொல்லைப்புறமாக இன்னும் எட்டிப் பார்க்கிறது. 14 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது 2016ம் ஆண்டுத் திருத்தச் சட்டம். நல்லது. ஆனால், பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாமாம்! குடும்பம் என்றால் பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமல்ல; சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி எல்லோரும் சேர்த்தி. 1986ம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த ஓட்டையின் மறுபிறவி இது. கண்டிராக்டரின் சரக்கு வீட்டுத் திண்ணையில் ஏறிவிட்டால் அதற்கும் குடும்பத் தொழில் என்று முத்திரை குத்தலாமே! அங்கே எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கப் போகிறார்?

“ஏழைக்குப் பிள்ளையின் கூலியும் தேவைதானே?” என்று சிலர் இரக்கம் காட்டுகிறார்கள். தகப்பனுக்கு வயிறாரக் கூலி கொடுங்கள். பிள்ளையின் கூலி தேவைப்படாது. 2002ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்றார்கள். படிக்க வாய்ப்பளிப்பது பெற்றோரின் கடமை என்று அதே திருத்தத்தில் எழுதினார்கள். கடமையை எழுதியவர்கள் கூலியை எழுத மறந்தது ஏன்?

சர்க்காரின் கை எதுவரை நீளலாம்? ஆலை வாசலிலும் பட்டறை வாசலிலும் முதலாளியின் கையைப் பிடித்து நிறுத்தலாம். நிறுத்தியே தீர வேண்டும். திருப்பி அனுப்பிய பிள்ளைக்குப் பள்ளியைத் திறந்து, வாத்தியாரை நியமித்து, மதியம் சோறு போட வேண்டும். ஆனால் அப்பனின் ஜாதித் தொழிலை மகன் தலையில் கட்ட எந்த சர்க்காருக்கும் அதிகாரம் இல்லை. தாயின் மடியிலிருந்து பிள்ளையைப் பறிக்கவும் அதிகாரம் இல்லை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆதிக்குடி மக்களின் குழந்தைகளை அப்படிப் பறித்தார்கள். 2008ல் இரு நாட்டுப் பிரதமர்களும் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

சர்க்காரின் பிரம்பு முதலாளியின் முன் தாழ்ந்து, ஏழைத் தாயின் முன் ஓங்குமானால் அதை எதிர்ப்போம்! பெற்றோர் உரிமை என்ற திரைக்குப் பின்னால் பிள்ளையின் உழைப்பைத் திருடுவோரையும் அம்பலப்படுத்துவோம்! பிள்ளைக்கு முழுநேரப் பள்ளி, பெற்றோருக்கு முழு வயிற்றுக் கூலி — இவ்விரண்டும் கிடைக்கும்போதுதான் பெற்றோர் உரிமை என்ற சொல்லுக்கு உயிர் வரும்.